பத்தரைமாற்றுத் தங்கம், செல்லாத காசு

2015 நவம்பர் 5 அன்று தில்லியில் மூன்று தங்கத் திட்டங்கள் ஒரே மேடையில் தொடங்கிவைக்கப்பட்டன. வீடுகளில் முடங்கிக் கிடக்கும் தங்கத்தை வங்கி வைப்பாக மாற்றும் பணமாக்கல் திட்டம் ஒன்று. தங்கத்தைக் கையால் தொடாமலேயே அதன் விலையில் முதலீடு செய்ய உதவும் தங்கப் பத்திரம் இன்னொன்று. மூன்றாவது, இந்தியத் தங்க நாணயம். ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தியடிகளின் முகம். 24 காரட், ஆயிரத்தில் 999 பங்கு தூய்மை. முதல் கட்டத்தில் 5 கிராமில் 15,000, 10 கிராமில் 20,000 நாணயங்கள், கூடவே 20 கிராமில் 3,750 கட்டிகள். அரசு நாணயச்சாலையில் அச்சாகி, ஹால்மார்க் முத்திரை பெற்று, பிரித்தால் தெரிந்துவிடும் உறையில் அடைபட்டு, பொதுத்துறை நிறுவனமான எம்எம்டிசி வழியாக அது விற்பனைக்கு வந்தது. இத்தனை அடையாளமும் கொண்ட அந்தக் காசில் ஒன்று மட்டும் இல்லை: அது எத்தனை ரூபாய் என்று சொல்லும் எண். அது தவறுதலாக விடுபட்டதல்ல. சட்டப்படி அது செல்லும் பணமாக வெளியிடப்படவில்லை. தமிழில் ‘செல்லும்’ என்ற ஒரே சொல் பயணத்தையும் செலாவணியையும் சேர்த்தே குறிக்கும். ஒரு நாட்டின் தங்கக் காசு எவ்வளவு தூயது என்பதைத் தலைநகரிலேயே உரைத்துப் பார்த்துவிடலாம். எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த நாட்டின் கடைசித் துறைமுகத்தில்தான் பார்க்க முடியும். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து பார்த்தால், இந்தியத் தங்க நாணயம் உலோகத்தில் நிறைவானது, காசு என்ற அளவில் பாதியில் நின்றுபோனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீவுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் தொலைவு மட்டுமன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டினால்தான் போர்ட் பிளேர், இன்றைய அரசுப் பெயரில் ஸ்ரீ விஜயபுரம். கப்பலில் இரண்டரை, மூன்று நாள் ஆகும். அங்கிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் பேயை அடைய, தெற்கே இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி. பிழைப்புத் தேடி வந்தவர்கள், கேம்பெல் பேயில் நிலம் பெற்றுக் குடியேறிய முன்னாள் படைவீரர்கள், இலங்கையிலிருந்து திரும்பி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று அவர்களின் வருகைக்குப் பல வழிகள். தங்கத்தைப் பவுனில் எண்ணும் பழக்கமும் அவர்களோடு கப்பலேறியது. ஆனால் இந்தத் தீவுகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பழைய இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று நிக்கோபாரின் தேங்காய். மற்றொன்று போர்ட் பிளேரின் செம்பு வில்லை.

நிக்கோபார் தீவுகளில் நீண்டகாலம் தேங்காயே விலை சொல்லும் பொருளாக இருந்தது. வெளியிலிருந்து வந்த வணிகர்களின் துணிக்கும் கத்திக்கும் அரிசிக்கும் விலை தேங்காய்க் கணக்கில் பேசப்பட்டது. எண்ணுவது இணையிணையாகவும் இருபது இருபதாகவும். 1894 முதல் 1904 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள், நாணயமுறையின் தோற்றத்தை ஆராய்ந்தவர். நிக்கோபாரியரின் இந்தத் தேங்காய்க் கணக்கும் அவர் கவனத்துக்கு வந்தது. தேங்காய்க்கு யாருடைய முத்திரையும் தேவைப்படவில்லை. வாங்குபவர் அதைத் தின்னலாம், கொப்பரையாக்கலாம், கப்பலில் ஏற்றி விற்கலாம். மதிப்பு பொருளுக்குள்ளேயே இருந்தது. அதன் குறை வேறு: கெடும், கனக்கும், ஒன்றுபோல் மற்றொன்று இராது. இன்று ‘உள்ளார்ந்த மதிப்பு’ என்று தங்கத்தைப் புகழ்பவர்கள் சொல்லும் குணம் தேங்காயிலும் இருந்தது. ஆகவே அந்தக் குணம் மட்டும் ஒன்றைக் காசாக்கிவிடாது. அளவு ஒருமையும் நீடிப்பும் சேர வேண்டும். அவை இரண்டும் தங்கத்தில் இயல்பாகவே இருக்கின்றன. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும், செம்பு பச்சை படியும். தங்கம் அப்படியே இருக்கும்.

செம்பு வில்லையின் கதை இதற்கு நேர் எதிர். 1857 எழுச்சிக்குப் பின் 1858 மார்ச்சில் முதல் கைதிக் கப்பல் போர்ட் பிளேரை அடைந்தது. சில ஆண்டுகளில், அந்தக் குடியேற்றத்துக்கென்றே கல்கத்தா நாணயச்சாலையில் ஒரு வில்லை அச்சிடப்பட்டது: நடுவில் துளையிட்ட செம்புத் தகடு, 1861 என்ற ஆண்டு, ‘ஒரு ரூபாய்’ என்ற மதிப்பு. வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்தில் அதன் உலோகம் அந்த மதிப்புக்குக் கிட்டவும் வராது. குடியேற்றத்துக்குள் அது ரூபாய். தீவை விட்டுக் கப்பலேறினால் வெறும் செம்பு. கைதி குடியேற்றத்துக்கு அத்தகைய காசு எவ்வளவு வசதி என்பதை விளக்கத் தேவையில்லை: தப்பிச் செல்பவனுக்கு அக்கரையில் அது உதவாது. மதிப்பு முழுக்க முழுக்க ஆணையில் இருந்தது. ஆணை எங்கே முடிகிறதோ அங்கே காசும் முடிந்தது. தேங்காய், ஆணையில்லாத பொருள்; வில்லை, பொருளில்லாத ஆணை. ஒரு நாட்டின் பொற்காசு இந்த இரண்டின் நல்ல பாதிகளையும் சேர்த்துக் கட்டிய ஒன்று. பொன் தேங்காயின் வேலையைச் செய்கிறது. முத்திரையும் சட்டமும் வில்லையின் வேலையைச் செய்கின்றன. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் காசு நொண்டும்.

இரண்டும் சேர்ந்த காசு எப்படி நடக்கும் என்பதற்குச் சான்று நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழர் தங்கத்தை அளக்கும் ‘சவரன்’ பிரித்தானியரின் ‘சாவரின்’ என்ற பொற்காசு. ‘பவுன்’ அதன் மதிப்பான ஒரு பவுண்டு. அந்தக் காசின் எடை 7.988 கிராம், தூய்மை 22 காரட். கடைக்காரரின் எட்டு கிராம் சவரனும் 916 ஆபரணத் தங்கமும் அதன் பிள்ளைகள். 1899 சட்டம் அதை இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லும் பணமாக்கியது. 1918இல் பம்பாயில் அரச நாணயச்சாலையின் கிளை ஒன்று, ஆண்டெண்ணின் மேல் ‘ஐ’ என்ற சிறு ஆங்கில எழுத்து இட்டு, அதே காசை இந்தியாவிலேயே அடித்தது. 1927இல் அந்தச் செலாவணி உரிமை பறிக்கப்பட்டது. ஆனால் அதே சட்டம், அரசுக் கருவூலத்தில் கொண்டுவந்து கொடுத்தால் சவரனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை தர வேண்டும் என்றும் விதித்தது. இது ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். பணம் என்ற பட்டம் போன பிறகும் காசுக்கு வீடு திரும்பும் வழி திறந்திருந்தது. வெளியிட்ட அதிகாரமே அதை அறிவித்த விலையில் வாங்கிக்கொண்டது. ஒரு சிற்றூர்க் குடும்பம் பேரரசின் காசைப் பெட்டியில் பூட்டி வைத்ததும் காசுமாலையாகக் கோத்து அணிந்ததும் அரசி மீதான பக்தியால் நிகழ்ந்தவை அல்ல. எந்த ஊரில் கொடுத்தாலும் அது போகும், எவ்வளவுக்குப் போகும் என்றும் தெரியும் என்ற உறுதியே அதற்குக் காரணம். காசு மறைந்து நூற்றாண்டு ஆகப்போகிறது. பெயர் இன்றும் தினசரி விலைப் பலகையில் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிற நாடுகள் உருவாக்கிய தங்கக் காசுகளும் இதே இலக்கணத்தைப் பின்பற்றின. 1967இல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட க்ரூகர்ராண்டில் முகமதிப்பு எண் கிடையாது. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி அது செல்லும் பணம். ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம் தங்கம் அதில் உண்டு. தேய்மானத்தைத் தாங்கச் செம்பு கலந்து 22 காரட்டாக்கியதால் காசின் மொத்த எடை 33.93 கிராம். 1979இல் கனடாவின் மேப்பிள் இலைக் காசு 50 டாலர் முகமதிப்புடன் வந்தது. 1982 முதல் அதன் தூய்மை நான்கு ஒன்பதுகள். சீனத்தின் பாண்டா 1982இலும், அமெரிக்காவின் கழுகு 1986இலும், பிரித்தானியரின் ‘பிரித்தானியா’ காசு 1987இலும், வியன்னாவின் இசைக்குழுக் காசு 1989இலும் வந்தன. தூய்மையில் இவை ஒத்துப்போகவில்லை. கழுகு 22 காரட், இசைக்குழு 9999. எடையிலும் ஒருமை இல்லை. பாண்டா 2016இல் அவுன்ஸைக் கைவிட்டுக் கிராமுக்கு மாறியது. எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பவை இரண்டே: தத்தம் நாட்டில் செல்லும் பணம் என்ற சட்டநிலை, விற்பவரே திரும்ப வாங்கும் விலையையும் அறிவிக்கும் இருவழிச் சந்தை. ஆக, தேசியத் தங்கக் காசின் சிறப்புக்கூறு எது என்று கேட்டால், ஒன்பதுகளின் எண்ணிக்கையைச் சுட்டுவது பாதி விடைதான்.

இந்திய நாணயத்தின் சட்டநிலை என்ன? 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், பணமாகப் பயன்படும்பொருட்டு அரசதிகாரத்தால் முத்திரையிட்டு வெளியிடப்பட்ட உலோகமே நாணயம் என்று வரையறுத்தது. விளக்கத்துக்கு அது தந்த எடுத்துக்காட்டுகள் சுவையானவை: சோழி நாணயமாகாது, முத்திரையிடாத செம்புத் துண்டு, பணமாகப் புழங்கினாலும், நாணயமாகாது, பதக்கமும் நாணயமாகாது, ஏனென்றால் அது பணமாகப் பயன்படும் நோக்கத்தோடு செய்யப்படுவதில்லை. நிக்கோபாரின் தேங்காய் அந்த அளவுகோலில் சோழியோடு ஒதுங்கும். அரசே அடித்த இந்தியத் தங்க நாணயம் எங்கே சேரும்? பதக்கத்தோடுதான். 2011 நாணயச் சட்டமும் ‘நாணயம்’ என்ற சொல்லை வரையறுக்கும்போது, செல்லும் பணமாக இருப்பதை அதன் கூறாக வைக்கிறது. ஆகவே மக்கள் ‘தங்கக் காசு’ என்று அழைப்பதை, அரசு அச்சடித்து அரசின் சின்னத்தைப் பொறித்ததை, சட்டம் காசு என்று ஒப்பவில்லை. கள்ள நாணயம் அடிப்பவனுக்கு எதிரான தனிக் கடுமையும் அதற்குத் தானாகக் கிடைத்துவிடாது. போலியைப் பிடித்தால் மோசடி என்ற பொது வழியில் போக வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பத்துக் கிராம் தங்கத்தைச் சில நூறு ரூபாய் முகமதிப்புக்கு யார் கடையில் நீட்டப்போகிறார்கள்? ஐம்பது டாலர் என்று பொறித்த கழுகு பல மடங்கு விலைக்கு விற்கிறதே. அப்படியானால் செல்லும் பணம் என்ற பட்டம் வெறும் அலங்காரம்தானே? கடையில் நீட்டுவதைப் பொறுத்தவரை மறுப்பு சரி. ஆனால் பட்டத்தின் பயன் கடையில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலீட்டுத் தங்கக் காசுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. அதற்கு அது ஆயிரத்தில் 900க்குக் குறையாத தூய்மை கொண்டதாக, 1800க்குப் பின் அடித்ததாக, பிறந்த நாட்டில் செல்லும் பணமாக இருப்பதாக அல்லது ஒருகாலத்தில் இருந்ததாக, தங்க மதிப்புக்கு மேல் மிகையான விலைக்கு விற்கப்படாததாக இருக்க வேண்டும். பிரித்தானியக் குடிமகன் சவரனையோ ‘பிரித்தானியா’ காசையோ விற்று ஈட்டும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, அவை அந்நாட்டுப் பணம் என்பதால். 1918இல் பம்பாயில் அடித்த சவரன் இன்றும் உலகச் சந்தையில் காசாக ஏற்கப்படும். அதைவிடத் தூய இந்தியத் தங்க நாணயம் அந்தச் சந்தையில் முத்திரையிட்ட தங்கத் துண்டு மட்டுமே. இந்தியச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. 2011 சட்டம் ஆயிரம் ரூபாய் வரை முகமதிப்புள்ள நாணயங்களுக்கு இடமளிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நினைவாக ஆயிரம் ரூபாய் நாணயமே வெளியிடப்பட்டிருக்கிறது. கோயிலுக்குக் கிடைத்த எண் பொன்னுக்கும் கிடைக்கலாம்.

இரண்டாவது கேள்வி நம்பிக்கை எதில் தங்குகிறது என்பது. சவரனை நம்ப ஒரு தராசும் பழகிய கண்ணும் போதும். எடையும் விளிம்பும் முகமும் பொருந்தினால் காசு நல்லது. தங்கத்தின் அடர்த்தி 19.3, மலிவான உலோகங்களில் அதற்கு அருகே வருவது டங்ஸ்டன் ஒன்றே. மேப்பிள் இலைக் காசு மிக நுண்ணிய கதிர்க்கோடுகளையும் லேசரால் பொறித்த குறியையும் காசின் முகத்திலேயே ஏற்றிக்கொண்டது அந்தக் கள்ளத்துக்கு எதிராகத்தான். இந்திய நாணயத்திலோ நம்பிக்கையின் பெரும்பங்கு உறைக்குப் போய்விடுகிறது. உறை பிரியாதவரை அது அரசின் சொல். பிரிந்துவிட்டால் வாங்குபவர் மறுபடி உரைகல்லைத் தேடுவார். பெருநகரில் இது சிறு தொல்லை. தீவில் அப்படியல்ல. 2021 ஜூனில் கட்டாய ஹால்மார்க் முறை முதலில் 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தபோது, ஆய்வு மையம் இருக்கும் மாவட்டம் என்பதே அளவுகோலாக இருந்தது. ஆய்வு மையம் தொலைவில் இருக்கும் ஊரில்தான் முன்பே ஆய்ந்து முத்திரையிட்ட காசு மிகவும் தேவை. தன் சான்றிதழைத் தானே சுமந்து கடல் தாண்டி வருவதுதான் அதன் பயன். அந்தச் சான்றிதழ் உலோகத்தில் இருந்தால் தலைமுறை தாங்கும். பிளாஸ்டிக்கில் இருந்தால் ஒரு குழந்தையின் விரல் போதும்.

மூன்றாவதும் முக்கியமானதும் திரும்பும் வழி. இந்தியத் தங்க நாணயத்துக்கு எம்எம்டிசி நிலையங்களில் திரும்பப் பெறும் வசதி அறிவிக்கப்பட்டது. இது இந்திய வங்கிகள் விற்கும் தங்கக் காசுகளுக்கு இல்லாத நல்ல அம்சம். ஆனால் விற்பனைக்கு வழி பல, திரும்புவதற்கு வழி சில. தங்கக் காசு விற்கும் வங்கிகள் அதைத் திரும்ப வாங்குவதில்லை. கடன் வாங்கலாம் என்றால், தங்கக் காசுகளை வாடிக்கையாளர் ஒருவருக்கு 50 கிராம் வரை மட்டுமே ஈடாக ஏற்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. நகைக்கு வாய்ப்பு இதைவிட மிக அகலம். விளைவு விசித்திரமானது. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய வளையல், அவசரத்துக்கு அடகுக் கடையிலும் வங்கியிலும் உடனே பணமாகிறது. சேதாரமே இல்லாத, அரசே தூய்மைக்குச் சான்று சொன்ன காசு, கேள்விகளைச் சந்திக்கிறது. பயிர்ச்செலவுக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்குச் சென்னை போகும் கப்பல் சீட்டுக்கும் தங்கத்தை நம்பும் குடும்பம் காசை விட்டு நகையை வாங்குவதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. அது சரியான கணக்கு. மக்களுக்கு ஆபரண மோகம் என்று குறைகூறும் பொருளாதாரக் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தங்கக் காசே இன்று தேவையா என்பது அடுத்த மறுப்பு. 2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி ஒளியிழை வடம் திறக்கப்பட்ட பிறகு, தீவுவாசி கைப்பேசியிலேயே தங்கத்தில் முதலீடு செய்யலாம். காசைக் கப்பலில் அனுப்புவானேன்? இதில் பெருமளவு உண்மை உண்டு. விலை அறிவதிலும் சேமிப்பதிலும் வடம் பெரிய மாற்றம். ஆனால் காகிதத் தங்கத்தின் ஆயுள் அதை வெளியிட்டவரின் விருப்பத்தைப் பொறுத்தது. காசோடு அதே நாளில் பிறந்த தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரித் தவணைக்குப் பின் வெளிவரவில்லை. தங்க விலை ஏற ஏற அரசுக்கு அதன் சுமை கூடியது. பணமாக்கல் திட்டத்தின் நடுத்தர, நீண்டகால வைப்புகளும் 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. மூன்றில் இரண்டு இப்படிச் சுருங்கின. காசு அரசின் மீது வட்டிச்சுமையோ விலைச்சுமையோ ஏற்றுவதில்லை. கொடுத்த அன்றே கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்றில் தாங்கக்கூடியது அதுவே. ஆகவே அதைச் சரிசெய்வதே அறிவு.

கடைசி மறுப்பு இறக்குமதி பற்றியது: காசை எளிதாக்கினால் தங்க மோகம் பெருகி அந்நியச் செலாவணி கரையுமே. 1963 முதல் தங்கக் கட்டுப்பாட்டை நடத்திப் பார்த்த நாடு இது. 1968இன் சட்டம் தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதையே தடுத்தது. கடத்தல் தழைத்ததுதான் மிச்சம். 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தங்கத்தை வெறுக்கச் செய்வது கொள்கையாகப் பலிக்கவில்லை. ஏற்கெனவே உள்ள தங்கத்தைச் சுழல வைப்பதே எஞ்சிய வழி. 1985இன் அமெரிக்கச் சட்டம் கழுகுக் காசுக்கு உள்நாட்டில் வெட்டியெடுத்த தங்கத்தை வேண்டியது. இந்தியாவில் சுரங்கம் வீடுகளுக்குள் இருக்கிறது. கையை விட்டுக் கைக்கு உருகாமல், சேதாரமில்லாமல் மாறும் காசு, ஒவ்வொரு மாற்றத்திலும் உருக்கி மறுபடி அடிக்கப்படும் நகையைவிடக் குறைவான புதுத் தங்கத்தையே கேட்கும். ஆனால் காசு கைமாற வேண்டுமானால், வாங்குவது போலவே விற்பதும் எளிதாக இருக்க வேண்டும். திரும்பும் வழி அடைபட்ட காசு பெட்டிக்குள் உறங்கும்; அதற்குப் பதிலாக இன்னொரு காசுக்குத் தங்கம் இறக்குமதியாகும்.

ஆகச் செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. 2011 சட்டத்தின் வரம்புக்குள் ஒரு முகமதிப்பை அறிவித்து அதைச் சட்டப்படி நாணயமாக்கலாம். எட்டு கிராமிலும் நாலு கிராமிலும் ஒரு வரிசை அடிக்கலாம். தமிழர் சவரனையும் அரைச் சவரனையும் மனத்தால் எண்ணுகிறார்கள், ஐந்தையும் பத்தையும் கணக்குப் போட்டுத்தான் அறிகிறார்கள். போலியைக் காட்டிக்கொடுக்கும் குறியை உறையிலிருந்து உலோகத்துக்கு மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாடம் அறிவிக்கும் விலையில் காசைத் திரும்ப வாங்கும் பொறுப்பை வங்கிக் கிளைக்கும் அஞ்சலகத்துக்கும் தரலாம். 2008லேயே அஞ்சல் துறை தங்கக் காசு விற்றிருக்கிறது. விற்கத் தெரிந்த சாளரம் வாங்கவும் பழகும். அஞ்சலகத்தின் கை தீவுகளில் நகைக்கடையைவிடத் தொலைவு நீளும். 1927இன் கருவூலம் காலனி ஆட்சியில் செய்ததைத்தான் இது கேட்கிறது, அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. இவை நடந்தால், கேம்பெல் பேயில் ஒருவர் கொடுக்கும் காசும் மும்பையில் ஒருவர் கொடுக்கும் காசும் ஒரே நாளில் ஒரே விலைக்குப் போகும். நடக்காதவரை, அசோகச் சக்கரம் பொறித்த அந்தப் பொன், தூய்மையில் சவரனை வென்றும், தமிழர் நாவில் சவரனின் பெயரால்தான் எடைபோடப்படும்.